பில்பாவோவின் ஏழு தெருக்களில் ஒரு மாலை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் வேலை விஷயமாக, ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதியில் இருக்கும் பில்பாவோ போகிறீர்கள், மனைவியும் கூட வருகிறார். குகன்ஹைம் அருங்காட்சியகத்தைப் பகலில் பார்த்துவிட்டால் ஒரு மாலைப் பொழுது மிஞ்சும். பழைய ஊரில் பின்ச்சோ, அதாவது பெரும்பாலும் குச்சி குத்தித் தரும் சின்னச் சின்னத் தீனி, விற்கும் பார்கள் பிரமாதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த பார் நல்ல பார், நீங்கள் குடிப்பதில்லை, மனைவி சைவம், அப்படிப்பட்ட இரண்டு பேருக்கு அங்கே என்ன இருக்கிறது? இதுதான் கேள்வி.

நான் அந்த ஊரில் நான்கு வருடம் இருந்தேன். பழைய ஊர் என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. பிடித்த இடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"நல்ல பார்" எது என்று தேடிப் பட்டியல் போடுவதை இப்போதே நிறுத்திவிடுங்கள். ஒரே பாரில் உட்கார்ந்து வயிறு நிரம்பச் சாப்பிட்டு எழுந்து வருவது அந்த ஊர் வழக்கம் இல்லை. ஒரு பாரில் ஒரு சின்ன கிளாஸ், ஒரு வாய்த் தீனி, பத்து நிமிஷப் பேச்சு. அப்புறம் அடுத்த பார். அங்கேயும் அதே. இப்படி நான்கைந்து இடம் ஏறி இறங்கும்போது, இடையில் நடக்கும் அந்த ஐம்பது அடி, நூறு அடிதான் மாலையின் பெரும்பகுதி. தெரிந்தவரைப் பார்ப்பதும், நின்று பேசுவதும், பேச்சு முடியாமல் அவரையும் இழுத்துக்கொண்டு போவதும் அந்த நடையில்தான். அதனால் தெருவைத் தேர்ந்தெடுங்கள், பார் தானாக வரும். இன்னொன்று, பார் என்றதும் இருட்டு அறையை நினைத்துக்கொள்ள வேண்டாம். பளிச்சென்று வெளிச்சம், திறந்த கதவு. பாட்டி ஒரு பக்கம் காப்பி குடிப்பார், பேரன் மறு பக்கம் பந்தை உருட்டிக்கொண்டிருப்பான், தள்ளுவண்டியில் கைக்குழந்தை தூங்கும். உங்கள் மனைவிக்குச் சங்கடமாக இருக்குமோ என்று யோசித்திருந்தால், அந்த யோசனையே தேவையில்லை.

பழைய ஊருக்கு ஸ்பானிஷில் காஸ்கோ வியேஹோ என்று பெயர். ஊர்க்காரர்கள் ஏழு தெரு என்பார்கள், பாஸ்க் மொழியில் சாஸ்பி காலேயாக். மெட்ரோ நிலையத்தின் பெயரும் அதுதான். நெர்வியோன் ஆறு கடலோடு சேரப் போகும் வழியில் ஒரு வளைவு வளைகிறது. அந்த வளைவின் வலது கரையில், 1300ஆம் வருடம் ஜூன் 15 அன்று, பிஸ்காய் என்ற இந்த வட்டாரத்தின் பிரபு தியேகோ லோபெஸ் தெ ஆரோ நகரப் பட்டயம் கொடுத்தார். முதலில் இருந்தவை மூன்றே தெருக்கள், சுற்றி மதில். ஊர் பெருத்ததும் இன்னும் நான்கு சேர்ந்து ஏழானது.

அந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு போனால் வரைபடமே வேண்டாம். சொமேரா என்றால் மேலே இருப்பது, மேட்டுத் தெரு. ஆர்த்தேகாலே, நடுத்தெரு. தெந்தெரியா, கடைக்காரர் தெரு. பின்னால் வந்த நான்கு: பெலோஸ்திகாலே, பழைய இறைச்சிக்கடைத் தெருவான கார்னிசெரியா வியேஹா, கீழத்தெருவான பாரென்காலே, கடைசியாக பாரென்காலே பாரேனா. கீழத்தெருவுக்கும் கீழத்தெரு என்று அர்த்தம். ஏழும் ஒன்றுக்கொன்று இணையாக ஆற்றை நோக்கி இறங்குகின்றன. குறுக்கே ஓடும் சின்னச் சந்துகளுக்கு காந்தோன் என்று பெயர். சில சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளை ஒதுக்க வேண்டும். மதிலுக்கு வெளியே காவலர்கள் ரோந்து போன வழி இன்று ரோந்தா என்ற தெரு. மிகெல் தெ உனாமுனோ என்ற பெரிய எழுத்தாளர் 1864இல் பிறந்தது அங்கேதான். மதில் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, அதன் வடிவம் மட்டும் தெருவாக நிற்கிறது.

இந்தப் பார் வழக்கத்தின் வேர் சிகித்தோ. சி-யை "அச்சு"வில் வரும் ச்சு மாதிரி அழுத்திச் சொல்ல வேண்டும். சின்னது என்று பொருள், சின்ன அளவு ஒயின். ஆனால் அதை ஊற்றும் பழைய கிளாஸைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு முதியவர் எனக்கு முதன்முதலில் நீட்டியபோது, நான் கண்ணாடி கிளாஸ் என்று நினைத்து லேசாகப் பிடித்தேன், கை சட்டென்று கீழே போனது. எடைக்கல் மாதிரி கனம். அடிப்பாகம் முழுக்கக் கெட்டிக் கண்ணாடி, சுவரும் தடிமன். மேலே ஒயின் நிற்கும் இடம் இரண்டு விரல் உயரம் இருந்தால் அதிகம். அதைப் பார் பலகை மேல் வைத்தால் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்கும். மூன்று மடக்கில் தீர்ந்துவிடும், அந்த மூன்று மடக்குக்குள் ஒரு பேச்சு முடியும், குழு கிளம்பும்.

குழுவுக்கு குவாத்ரியா என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கூட்டாளிகள் சாகும்வரை ஒரே குவாத்ரியாவாக இருப்பது அங்கே சாதாரணம். ஆலை, துறைமுகம், பட்டறை என்று வேலை முடிந்ததும் இவர்கள் ஒன்றுகூடி, தினமும் அதே நேரத்தில், அதே வரிசையில், அதே பார்களைச் சுற்றுவார்கள். இப்படிச் சுற்றுபவர்களுக்கு சிகித்தேரோ என்று பெயர். காசு விஷயத்தில் ஒரு ஏற்பாடு உண்டு, அதற்கு போத்தே என்பார்கள். கிளம்பும்போதே ஆளுக்கு இவ்வளவு என்று ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள், எல்லாப் பாரிலும் அவரே கொடுப்பார், தீர்ந்தால் மறுபடி வசூல். யார் யாருக்கு வாங்கிக் கொடுத்தது என்ற கணக்கே எழாது. போகிற வழியில் ஒரு மூலையில் நின்று நான்கு குரலில் பாடுவார்கள். ஒருகாலத்தில் இது முழுக்க ஆண்களின் உலகம். இப்போது அப்படி இல்லை, இளம் குவாத்ரியாக்களில் பெண்களும் ஆண்களும் கலந்தே இருக்கிறார்கள். கனமான கிளாஸோடு பாடிக்கொண்டு போகும் பழைய ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மதியம் ஒரு மணிக்கு வெள்ளைத் தலைகளாக நான்கைந்து பேர் நெருக்கமாக நின்று பேசுவதைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். சில சமயம் பாட்டு வரும்.

பெலோத்தா தெருவில் அவர்களுக்கென்றே ஒரு மூலை இருக்கிறது. சுவரில் பெகோன்யா மாதாவின் சின்ன மாடம், பக்கத்தில் உண்டியல். சுற்றி வரும்போது சில்லறை போடுவார்கள், தர்ம காரியத்துக்குப் போகும். பெகோன்யா பசிலிக்கா ஊருக்கு மேலே குன்றில் இருக்கிறது. இந்தச் சந்துகளுக்குள் நுழைந்துவிட்டால் வீடுகள் மறைத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தெருவில் தரையில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் நின்று அண்ணாந்தால், கூரைகளுக்கு நடுவே பசிலிக்காவின் கோபுரம் தெரியும். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 11 அன்று சிகித்தேரோக்கள் அந்த மூலையில் கூடி மாதாவுக்குப் பூ வைத்துப் பாடுவார்கள். அம்மா என்று செல்லமாக "அமாச்சு" என்றுதான் அவளை அழைப்பார்கள்.

சரி, உங்கள் மாலைக்கு வருவோம்.

நவம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், தூறலும் இருக்கும். சிரிமிரி என்று அதற்குப் பெயர். குடை பிடிக்கும் அளவுக்கு மழை இல்லை என்று நினைத்து நடப்பீர்கள், அரை மணியில் சட்டை நனைந்திருக்கும். கல் பாவிய தெரு வழுக்கும், நல்ல பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். ஆறரை மணிக்கு அர்ரியாகா நாடக அரங்கின் முன் நில்லுங்கள். 1890இல் திறந்தது. இருபது வயது நிறைவதற்குள் இறந்துபோன பில்பாவோ இசையமைப்பாளர் ஹுவான் கிறிசோஸ்தோமோ அர்ரியாகாவின் பெயர் அதற்கு. 1914இல் எரிந்தது, மறுபடி கட்டினார்கள், 1983 வெள்ளத்தில் மூழ்கியது, மறுபடி சீராக்கினார்கள். பக்கத்தில் அரெனால் பூங்கா. மணல்திட்டு என்று பொருள், ஆறு ஒருகாலத்தில் மணல் கொட்டிய இடம்.

அங்கிருந்து நேராக பிளாசா நுவேவாவுக்குப் போய்விடுங்கள், இரண்டு நிமிஷம்தான். புதிய சதுக்கம் என்று பெயர், கட்டி முடித்தது 1851இல். நான்கு பக்கமும் சேர்த்து 64 வளைவுகள், கீழே மழை படாத நடைபாதை, அதை ஒட்டி வரிசையாக பார்கள். பாஸ்க் மொழிக்கான அகாதெமியும் இதே சதுக்கத்தில்தான் இருக்கிறது, மொழியறிஞர்களுக்கும் வசதி. முதல்முறை வருபவர்களுக்குத் தொடங்க இதைவிடச் சுலபமான இடம் கிடையாது, பார் பலகை மேல் பின்ச்சோக்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும், கண்ணால் பார்த்துக் கை காட்டினால் போதும். 1911 முதல் இருக்கும் கஃபே பார் பில்பாவோவின் நீல ஓடு பதித்த உள்பக்கத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு முறை நுழையலாம். ஞாயிறு காலையில் வந்தால் சதுக்கமே சந்தையாகிவிடும். பழைய புத்தகம், தபால்தலை, நாணயம், கூடவே கால்பந்து அட்டைகளை மாற்றிக்கொள்ளும் பையன்களும் அவர்களுடைய தாத்தாக்களும். உங்கள் பயணத்தில் ஞாயிறு விழுந்தால் மாலையை விட்டுவிட்டு அன்று மதியம் பன்னிரண்டரைக்குப் போங்கள் என்றே சொல்வேன். ஊர் முழுக்க அந்த நேரம் வெளியே இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் மேசை தேடாதீர்கள். பலகையில் ஒரு முழங்கை வைக்கும் இடம் கிடைத்தால் அதுவே உங்கள் இடம். "கைஷோ" என்று வணக்கம் சொல்லுங்கள். பாஸ்க் மொழியில் ஒரு சொல் வந்ததும் பார்க்காரரின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். நன்றிக்கு "எஸ்கெர்ரிக் அஸ்கோ", கிளம்பும்போது "அகூர்". இந்த மூன்றும் போதும், மற்றதை ஸ்பானிஷிலோ சைகையிலோ பார்த்துக்கொள்ளலாம். தட்டில் இருப்பதைத் தானே எடுக்கலாமா, கேட்டு வாங்க வேண்டுமா என்பது பாருக்கு பார் மாறும். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று ஒரு கணம் பாருங்கள். பல இடங்களில் காசு கடைசியில்தான். என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்களே சொல்வீர்கள், அவர் நம்பிக் கூட்டுவார். குச்சியைத் தூக்கிப் போடாமல் தட்டில் வைத்திருந்தால் எண்ணிச் சொல்லச் சுலபம். கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதியிருப்பவை சூடாகச் செய்து தருபவை. பலகையில் அடுக்கியிருப்பதைவிட அவைதான் பெரும்பாலும் சுவை, கேட்டு வாங்குங்கள்.

குடிக்காதவருக்கு என்ன? இதற்கு அந்த ஊரிலேயே அருமையான பதில் உண்டு: மோஸ்தோ. புளிக்க வைக்காத திராட்சைச் சாறு. வெள்ளையும் உண்டு, கருப்பும் உண்டு. ஐஸ் போட்டு, ஒரு ஆரஞ்சுத் துண்டும் சில இடங்களில் ஒரு ஆலிவ் காயும் போட்டுத் தருவார்கள். குழந்தைகளுக்கும், வண்டி ஓட்டுபவருக்கும், மருந்து சாப்பிடும் பெரியவருக்கும் அதுதான். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சர்க்கரை தூக்கல், நான்கு பாரிலும் அதையே குடித்தால் திகட்டும். நடுவில் ஒரு தண்ணீரோ, கசப்பான பித்தேர் சோடாவோ வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள: சுரித்தோ என்றால் சின்ன அளவு பீர், சக்கோலி என்றால் இந்த மண்ணின் புளிப்பு வெள்ளை ஒயின். கையை உயரத் தூக்கி நுரைக்க ஊற்றுவது கெதாரியா பக்கத்துச் சக்கோலிக்குத்தான் பொருத்தம், பிஸ்காய் சக்கோலியைப் பொதுவாகச் சாதாரணமாகவே ஊற்றுவார்கள்.

சைவம் என்பது இதைவிடக் கஷ்டம், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இது மீனும் பன்றியும் ஆளும் ஊர். மெனுவில் "வெஹெதால்" என்று எழுதிய சாண்ட்விச்சைப் பார்த்து ஏமாறாதீர்கள். காய்கறி என்றுதான் அர்த்தம், ஆனால் கீரையும் தக்காளியும் முட்டையும் இருப்பதால் அந்தப் பெயர், உள்ளே சூரை மீன் இருப்பது வழக்கம். சென்னையிலிருந்து வந்த என் தோழிக்கு நானே அதை வாங்கிக் கொடுத்துவிட்டேன். முதல் கடியில் அவள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. கேட்காமல் வாங்கியது என் தப்பு. குரோகேத்தா என்ற உருண்டை வறுவலிலும் ஹாம் என்ற பன்றி இறைச்சியோ உப்பு மீனோ இருக்கும். "கார்னே இல்லாமல்", அதாவது இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது, அவர்கள் கணக்கில் ஹாமும் மீனும் அதில் அடங்காமல் போகலாம். "சின் ஹமோன், சின் பெஸ்காதோ", ஹாமும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முட்டை சாப்பிடுவார் என்றால் பிழைத்தீர்கள். தோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எல்லா பாரிலும் இருக்கும். கெட்டியாக, கேக் மாதிரித் துண்டு போட்டுத் தருவார்கள், நடுவில் கொஞ்சம் குழைவாக இருந்தால் நல்ல கைப்பக்குவம். அதிலும் சிலர் ஹாம் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். முட்டையும் கூடாது என்றால் கெர்னிகா மிளகாய்: பச்சைப் பிஞ்சு மிளகாயை எண்ணெயில் பொரித்து, கல்லுப்பு தூவித் தட்டு நிறைய வைப்பார்கள். காரம் கிடையாது, காம்பைப் பிடித்து முழுசாக வாயில் போடலாம். நவம்பர் அதன் பருவத்தின் கடைசி, கிடைத்தால் விடாதீர்கள். ஆட்டுப்பால் சீஸில் இடியசாபால், லாச்சா என்ற நாட்டுச் செம்மறியாட்டின் பாலில் செய்வது, புகை வாசனையோடும் கிடைக்கும். தட்டையான கல்லில் வாட்டிய காளான், குச்சியில் குத்தி ரொட்டித் துண்டின் மேல் நிறுத்தித் தருவது, சொமேரா தெருவில் பிரபலம். இவற்றை மூன்று நான்கு இடங்களில் பிரித்துச் சாப்பிட்டால் உங்கள் மனைவி பசியோடு திரும்ப மாட்டார்.

நீங்கள் மீன் சாப்பிடுவீர்கள் என்றால் இரண்டைச் சொல்வேன். ஒன்று கில்டா. ஒரு குச்சியில் ஆலிவ், ஊறவைத்த பச்சை மிளகாய், உப்பு நெத்திலி. பில்பாவோவில் பிறந்ததல்ல, சான் செபாஸ்தியான் சரக்கு. 1946இல் வந்த ஹாலிவுட் படத்தின் நாயகி பெயர், பச்சையாக, உப்பாக, கொஞ்சம் காரமாக இருப்பதால் அந்தப் பெயர் வைத்தார்களாம். மொத்தமாக ஒரே வாயில் போட வேண்டும், பிரித்துத் தின்றால் மூன்று தனித்தனிச் சாமான், சேர்த்துத் தின்றால்தான் கில்டா.

இன்னொன்று பக்காலாவோ, உப்பிட்டு உலர்த்திய காட் மீன். பில்-பில் என்ற முறையில் செய்வதை ஒரு முறையாவது ருசி பாருங்கள். ஆலிவ் எண்ணெய், பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய், மீன், அவ்வளவுதான் சாமான். மண்சட்டியைக் கையில் பிடித்து வட்டமாக ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். மீன் தோலிலிருந்து இறங்கும் பசை எண்ணெயோடு கலந்து, மாவோ பாலோ சேர்க்காமலேயே வெளிர் மஞ்சள் குழம்பாகத் திரளும். ஒரு நண்பரின் அம்மா சமையலறையில் இதைச் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கால் மணி நேரம் ஒன்றுமே நடக்காது, எண்ணெய் எண்ணெயாகவே ஓடும். திடீரென்று ஒரு ஓரத்தில் பால் மாதிரி வெளுக்கும், அப்புறம் சட்டி முழுக்கப் பரவும். ஏன் இந்த ஊரில் இவ்வளவு காட் என்பதற்கு ஊர்க்கதை ஒன்று உண்டு. குர்த்துபாய் என்ற வியாபாரி "100 அல்லது 120" மீன் அனுப்பச் சொல்லி எழுதினாராம். ஸ்பானிஷில் "அல்லது" என்பதற்கு ஓ என்ற ஒற்றை எழுத்து, அது பூஜ்ஜியம் மாதிரியே இருக்கும். மறுமுனையில் 1000120 என்று படித்து, கப்பல் கப்பலாக வந்திறங்கியதாம். கார்லிஸ்ட் உள்நாட்டுப் போரில் 1836 முற்றுகையின்போது ஊர் பட்டினியில்லாமல் தப்பியதும், வியாபாரி பணக்காரரானதும் அதனால்தான் என்பார்கள். உண்மையோ பொய்யோ, பார் பலகையில் சாய்ந்துகொண்டு கேட்க நல்ல கதை.

பிளாசா நுவேவாவில் இரண்டு இடம் முடிந்ததும் அங்கேயே தங்கிவிடாதீர்கள், வருபவர்களில் பாதிப் பேர் செய்யும் தப்பு அது. பெரோ தெரு வழியாக நடங்கள். பெரோ என்றால் நாய். 1800இல் கட்டிய ஒரு நீரூற்று அங்கே இருக்கிறது, மூன்று விலங்குத் தலைகளின் வாயிலிருந்து தண்ணீர் வரும். செதுக்கியது சிங்கம். சிங்கத்தைப் பார்த்திராத ஊர்க்காரர்கள் நாய் என்றார்கள், தெருவுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. அந்தத் தெருவிலும் அதைச் சுற்றியும் சின்ன மண்சட்டிகளில் சமைத்துத் தரும் பழைய மாதிரி பார்கள் உண்டு. அங்கிருந்து சந்தியாகோ பேராலயம் பக்கம் திரும்புங்கள். சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்ற புனித ஊருக்கு நடந்து போகும் சந்தியாகோ யாத்திரையின் வடக்குப் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது, முதுகுப் பையும் கோலும் வைத்தவர்கள் எதிரே வந்தால் அவர்கள் யாத்ரீகர்கள்.

பேராலயத்தைத் தாண்டியதும் ஏழு தெருக்களுக்குள் வந்துவிடுவீர்கள். இங்கே வேகத்தைக் குறையுங்கள். கூரை ஓரங்களையும், கண்ணாடி அடைத்த பால்கனிகளையும் அண்ணாந்து பாருங்கள். அப்புறம் சுவரையும் பாருங்கள், சில மூலைகளில் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு கோடும் "இதுவரை தண்ணீர் வந்தது" என்ற எழுத்தும் இருக்கும். 1983 ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை. ஊரின் பெரிய திருவிழாவான அஸ்தே நகூசியா நடந்துகொண்டிருந்தது. விடாமல் கொட்டிய மழையில் ஆறு கரை உடைத்து இந்தத் தெருக்களுக்குள் ஏறியது. கடைகள், பார்கள், நாடக அரங்கு, சந்தை என்று எல்லாம் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ஊர் முழுக்கச் சேறு வார வந்தது. அன்றைக்குச் சேறு அள்ளியவர்கள் இன்றும் பார் பலகைக்குப் பின்னால் நிற்கிறார்கள், கேட்டால் எந்த அலமாரி வரை தண்ணீர் ஏறியது என்று கையை வைத்துக் காட்டுவார்கள். எனக்கு அப்படிக் காட்டியவர் கட்டைவிரலைச் சுவரில் அழுத்தி வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்க்காமல் இந்தத் தெருக்களில் நடந்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சொமேரா தெருவின் முகம் வேறு. பிளாசா நுவேவாவின் மிடுக்கு இங்கே இல்லை. இளைஞர் கூட்டம், சத்தமான இசை, சுவர் முழுக்க பாஸ்க் மொழியில் சுவரொட்டிகள். பலவற்றில் அரசியல் இருக்கும், சிறையில் இருப்பவர்களைப் பற்றிய கொடியும் சில பார்களில் தொங்கும். பாஸ்க் நாடு தனியாக வேண்டும் என்று போராடிய எதா என்ற ஆயுதக் குழு 2011இல் தாக்குதலை நிறுத்தியது, 2018இல் கலைந்தது. ஆனாலும் அந்தக் காலம் பற்றிய காயம் இரண்டு பக்கமும் பல குடும்பங்களில் ஆறாமல் இருக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் நாமாக அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே மரியாதை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கால்பந்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் யாரும் நிறுத்த மாட்டார்கள். அத்லெதிக் கிளப் பாஸ்க் மண்ணைச் சேர்ந்தவர்களையும் அங்கே பயிற்சி பெற்று வளர்ந்தவர்களையும் மட்டுமே ஆடவைக்கும் அணி, ஒவ்வொரு பாரிலும் அதன் சிவப்பு வெள்ளைப் பட்டி எங்காவது இருக்கும்.

அந்த அணியின் சின்னத்தில் ஒரு தேவாலயமும் பாலமும் இருக்கும், அதை நேரில் பார்க்க சொமேரா தெருவின் கீழ்முனைக்கு இறங்குங்கள். சான் அந்தோன் தேவாலயம், பக்கத்திலேயே பாலம். ரிபேரா சந்தையை இடது பக்கம் தேடாதீர்கள், ஆற்றை நோக்கி நின்றால் சந்தை உங்கள் வலது கைப்பக்கம். 1929இல் பெத்ரோ இஸ்பிசுவா கட்டிய பெரிய கட்டிடம், ஆற்றில் நிற்கும் கப்பல் மாதிரி இருக்கும், வண்ணக் கண்ணாடிகள் வழியாக உள்வெளிச்சம் தண்ணீரில் விழும். மீன்கடைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மறுநாள் காலை வர வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அங்கே நின்றால், முந்தின இரவு நீங்கள் சாப்பிட்டதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

கால நேரம் பற்றி ஒரு வார்த்தை. மாலை ஏழிலிருந்து பத்துவரைதான் நல்ல நேரம், மதியம் என்றால் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை. நடுவில் நான்கு ஐந்து மணிக்குப் போனால் பலகையில் காய்ந்துபோன இரண்டு ரொட்டித் துண்டுதான் இருக்கும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். வெள்ளி, சனி இரவு பத்துக்கு மேல் பாரென்காலே பக்கம் இளைஞர்கள் கூட்டம் தெருவை அடைத்துவிடும், இரைச்சல் பிடிக்காது என்றால் அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

செலவு அதிகம் ஆகாது. ஒரு பின்ச்சோ பெரும்பாலும் 2 முதல் 4 யூரோவுக்குள் இருக்கும், சூடாகச் செய்து தருபவை கொஞ்சம் கூட. இரண்டு பேருக்கு ஐந்து இடம் என்றாலும் 40 யூரோ பக்கத்தில் முடிந்துவிடும். டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள், மிச்சச் சில்லறையை விட்டுவந்தால் போதும். கார்டு எங்கும் வாங்குவார்கள் என்றாலும் ஒரு மோஸ்தோவுக்குக் கார்டு நீட்டுவது கூட்ட நேரத்தில் எல்லோருக்கும் இடைஞ்சல். கிளம்பும்போது நீங்கள் இருவரும் ஆளுக்கு இருபது யூரோ எடுத்து ஒரே பையில் போட்டு, மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் போத்தே அதுதான். திரும்ப மெட்ரோ ஏற உனாமுனோ சதுக்கத்து வாசலுக்கு வந்தால், பெகோன்யாவுக்கு ஏறும் மல்யோனா படிக்கட்டு அங்கேயே தொடங்குகிறது. முந்நூறுக்கு மேல் படி. சாப்பிட்டது செரிக்க வேண்டுமென்றால் ஏறுங்கள், இல்லாவிட்டால் கீழே நின்றே பார்த்துவிட்டு ரயிலைப் பிடியுங்கள்.